பாட்டைத் தந்தவர் பெயர்

இளைஞர் சிலர் கூடி அமைத்த இசைக்குழு தன் முதல் இசைத்தொகுப்பினை வெளியிடும் நாள், ஒரு வீட்டில் நிகழும் திருமண நாளை ஒக்கும். பல திங்கள் உழைப்பும், பெற்றோர் அறியாமற் சேர்த்த சிறு பொருளும், விடுதி அறையில் இரவெல்லாம் எழுப்பிய ஓசைக்காக அடுத்த அறையினரிடம் பெற்ற வசைமொழிகளும் அந்நாளிற் பயன் தருகின்றன. நம் கலாசாலை மாணவர் நால்வர் அத்தகைய நன்னாளை இப்பொழுது எதிர்நோக்கி இருக்கின்றனர். ஐந்து பாட்டுகள் கொண்ட தொகுப்பு; ஐந்தும் செங்கற்பட்டு முதல் மாமல்லபுரக் கடற்கரை ஈறாக உள்ள ஊர்களில் வழங்கும் நாட்டுப் பாட்டுகள். அவற்றிற்குக் கித்தாரும் பறையும் கூட்டிப் பழைய மெட்டின் உயிர் கெடாதவாறு புதிய கோலம் தந்துள்ளனர். குழுவுக்கு இடவேண்டிய பெயரைக் குறித்து மட்டும் நால்வர்க்குள்ளும் இன்னும் ஒருமைப்பாடு உண்டாகவில்லை. ஆதலின் அதனை ஈண்டு எழுதாமைக்கு வாசகர் என்னைப் பொறுத்தருள்வாராக.

இம்முயற்சியில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்பவன் என்னும் ஒரே காரணத்தால், பாடுவோர் வாய்மொழியைக் கேட்டு எழுதிப் பொருள் தெளிந்து தரும் வேலை என்பால் விடப்பட்டது. அவ்வேலையினிடையே நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அதனை முன்னர்ச் சொல்லி, என் கருத்தைப் பின்னர்ச் சொல்லுவேன்.

செங்கற்பட்டுக் கொளவாய் ஏரிக்கு அப்பால் ஒரு சிற்றூரில், சிறு பிராயந் தொடங்கி நடவு நட்டே காலங் கழித்த மூதாட்டி ஒருவர் வாழ்கிறார். அவர் பாடிய நடவுப் பாட்டே தொகுப்பின் முதற் பாட்டு. தொடக்கத்தில், கைப்பேசியிற் பதிந்த அவர் குரல் சில நொடிகள் தனித்து ஒலிக்கும். பின்பு கித்தார் எழும். பதிவு முடிந்த பின் அதனை எடுத்துச் சென்று அவருக்குக் கேட்பித்தோம். காதிற் பொருத்திய கருவியை இரு கையாலும் பற்றிக்கொண்டு, கண்மூடிக் கேட்டு, முகம் மலர்ந்தார். அட்டையில் இடம்பெற இருந்த எழுத்துகளையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். "மரபுப் பாடல். இசையமைப்பு, குழுவினர். சொற்றொகுப்பு" என்று படித்து, அடுத்து வந்த என் பெயரைச் சற்றே பெருமிதத்தோடு சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"ஏம்பா, எங்க ஆயா பேரு அதுல வராதா? அதுதானே கழனியில எங்களுக்கெல்லாம் முன்ன நின்னு பாடும்" என்றார்.

தம் பெயரை அவர் கேட்டிலர். தமக்கு அப்பாட்டைத் தந்தவரின் பெயரையே கேட்டார். எழுத்தெண்ணிப் படிக்கும் எனக்குத் தோன்றாத வினா, எழுத்தறியாத அவர்க்குத் தோன்றிற்று. அன்று தொட்டு, "மரபுப் பாடல்" என்னும் அவ்விரு சொற்களும் என் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கின்றன.

நிற்க. நாட்டுப் பாட்டைத் தம் முதற்றொகுப்பில் எடுத்தாளும் இளைஞர், மரபு என்னும் சொல்லின் பின்னே மறைந்து நிற்றல் தகாது என்பதே என் கருத்து. பாட்டைப் பாடித் தந்தவர் பெயரும், அவர் தமக்கு முன்னோராகச் சுட்டுவோர் பெயரும், ஊரும் அட்டையில் வரல் வேண்டும். பாட்டால் வரும் பொருளில் அவர்க்குப் பங்கும் வேண்டும். இவ்விரண்டும் நாம் காட்டும் கருணை அல்ல. நாம் செலுத்த வேண்டிய கடன்.

இதற்கு நண்பர் கூறும் மறுப்பு ஒன்று உண்டு. "நாட்டுப் பாட்டுக்கு ஆசிரியர் ஏது? ஊரார் பலரும் பல தலைமுறையாக ஆக்கியது அது. அதன்மேல் ஒருவர் பெயரை இடுவது பொய்யாகாதோ?" என்பர். கேட்பதற்கு நேரிய மறுப்பே. பாட்டுக் கழனியில் இருந்த காலமெல்லாம் அது எவர்க்கும் உரியதாய் இராமல் எல்லார்க்கும் உரியதாய் இருந்தது மெய். ஆயின், அது பதிவேறி இணையத்துக்கு வரும்பொழுது நிலைமை மாறுகின்றது. பாடலை ஏற்றுவதற்கு நிரப்ப வேண்டிய படிவத்திற் பாடியவர், இசையமைத்தவர், பாடலாசிரியர் எனக் கட்டங்கள் உள. அக்கட்டங்களிற் சிலர் பெயர்கள் ஏறுகின்றன. வருவாய் அப்பெயர்களைப் பின்பற்றிச் செல்கின்றது. ஆசிரியரே இல்லை என்று நாம் சொல்லும் பாட்டுக்கு உரிமையாளர் மட்டும் எங்ஙனம் தோன்றினர்? மூதாட்டியை இயற்றியவர் என்று எழுத வேண்டா. அவரும் அதனை ஒப்பார். பாடித் தந்தவர் என்று எழுதலாம் அன்றோ? அதில் அணுவளவும் பொய்யில்லை.

மரபு என்னும் பெயரால் விளையும் தீங்குக்குத் தென்னாப்பிரிக்கா நாட்டுச் செய்தி ஒன்று சான்றாகும். சாலமன் லிண்டா என்னும் ஜூலு இனப் பாடகர், 1939ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க் நகரில் தம் குழுவினரோடு "ம்பூபே" என்னும் பாட்டைப் பாடி இசைத்தட்டிற் பதிவித்தார். அத்தட்டுக் கடல்கடந்து அமெரிக்காவை அடைந்தது. ஆங்குள்ளோர் அதனை ஆப்பிரிக்க நாட்டுப் பாட்டென்றே கொண்டு பாடினர்; 1961இல் அது புதிய ஆங்கிலச் சொற்களோடு உலகெங்கும் புகழ் பெற்றது. லிண்டாவோ 1962இல் வறியராய் இறந்தார். அவர் குடும்பத்தார் வழக்குத் தொடுத்து, 2006ஆம் ஆண்டு ஓர் உடன்படிக்கை பெறும் வரையில், பாட்டு ஈட்டிய பெரும்பொருளில் அவர்க்கு உரிய பங்கு கிட்டவில்லை. அமெரிக்காவில் அப்பாட்டை முதலில் எடுத்துப் பாடியோர் கொடியவர் அல்லர். அதனை மெய்யாகவே நேசித்தவர். நேசம் ஒன்றே போதாது என்பதை அறிதற்கே இதனை எடுத்துரைத்தேன்.

நம் முன்னோர் இத்துறையில் நம்மினும் நாணயமாக நடந்துகொண்டனர். சங்கப் பாட்டுகளைத் தொகுத்த சான்றோர்க்குச் சில பாட்டுகளின் ஆசிரியர் பெயர் கிடைத்திலது. அவர்கள் அவ்விடத்தை வெறிதாக விட்டனரா? மரபு என்று எழுதி அகன்றனரா? இல்லை. அப்பாட்டிலேயே ஒளிரும் ஒரு தொடரை எடுத்து அதனையே ஆசிரியர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார், மீனெறி தூண்டிலார் என்பன அங்ஙனம் அமைந்த பெயர்களே. பெயர் மறைந்தும் ஆள் மறையாதவாறு காத்த தொகுப்பு முறை அது. பெயர் தெரியாத இடத்தும் அவர்கள் ஒரு பெயரை ஆக்கினர். நாமோ, பெயர் தெரிந்த இடத்தும், மூதாட்டியார் எதிரே அமர்ந்திருக்கையிலேயே, அதனை விட்டுவிட முற்பட்டோம். தொல்காப்பியமும் குறுந்தொகையும் பாடமாகப் பயிலும் எனக்கு இதனினும் நாணத்தக்கது வேறு யாது?

எங்கள் திருச்சபையிலும் இவ்வழக்கம் உண்டு. கீர்த்தனைப் புத்தகத்தை விரித்தால், பாட்டின் தலையில் இராகமும் தாளமும், பாட்டின் முடிவில் ஆக்கியோர் பெயரும் நிற்கும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864இல் மறைந்தார். எனினும் ஞாயிறுதோறும் சிறுவரும் அவர் பெயரைத் தம் விரலடியிற் காண்கின்றனர். மதுரைத் தமிழ்நாடு இறையியற் கல்லூரியிற் பணியாற்றி 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு ஐயர், நாட்டுப்புற மெட்டையும் பறையையும் ஆராதனைக்குள்ளே கொண்டுவர உழைத்தார். பாட்டை ஏற்பதெனில் அதனைப் பாடுவாரையும் அவர் கைக்கருவியையும் ஏற்க வேண்டும் என்பதே அவர் முயற்சியிலிருந்து நான் கற்றது. பறையின் ஓசையை மட்டும் உள்ளே அழைத்துப் பறையடிப்பவரை வாயிலில் நிறுத்தும் சங்கீதம் எவ்வகைச் சங்கீதம்?

இனி, சட்டம் சொல்லுவதைக் காண்போம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில், பாட்டை இயற்றியவர் உரிமை வேறு, அதனைப் பாடிக் காட்டுவோர் உரிமை வேறு எனப் பிரித்து அமைக்கப்பட்டுள்ளது. இவ்விரண்டாம் உரிமையைப் பெறுவதற்குப் புலவராதல் வேண்டா. நேரே பாடினார் என்பதே போதும். அவ்வுரிமை 50 ஆண்டுகள் நிற்கும். 2012ஆம் ஆண்டின் திருத்தம், பாடினவர் தாமே பாடினவர் என்று அறியப்படும் உரிமையையும், அப்பதிவு வாணிகத்திற் பயன்படும்பொழுது பங்கு பெறும் உரிமையையும் வகுத்துள்ளது. ஆகவே, தொகுப்பின் தொடக்கத்திற் சில நொடிகள் ஒலிக்கும் அம்மூதாட்டியின் குரலை மரபு என்று பெயரிட்டு எடுத்துக்கொள்ளல் நெறியன்று என்பதோடு, சட்டத்துக்கும் ஒவ்வாதது. இதனை என் நண்பர் அறியார். சட்டம் பயிலும் அண்ணன் ஒருவர் சொல்லும் வரை நானும் அறியேன்.

இக்காலத் தமிழ் இளைஞரின் இசை வரலாறும் இப்பெயர்ச் சிக்கலை நன்கு அறியும். 2018 ஜனவரி 6ஆம் நாள், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளித் திடலில், "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" என்னும் குழு முதன்முறையாக மேடை ஏறிற்று. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து அமைத்த அக்குழுவில் 19 பேர் இருந்தனர். அதன் பெயரே, சாதிபேதமற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய தொடரின் வழிவந்தது. இக்குழுவின் சிறப்பு ஒன்றைக் கருதுக. கானாப் பாட்டைக் கேட்டுக் கற்ற பிறர் வந்து பாடவில்லை; கானா பாடுவோரே மேடையின் நடுவில் நின்று, தத்தம் பெயரோடு பாடினர். கடன் வாங்காத இடத்திற் கடன் தீர்க்கும் கவலை இல்லை.

அக்குழுவிற் பாடிய அரக்கோணத்து அறிவு என்பார் எழுதிப் பாடிய "எஞ்சாயி எஞ்சாமி" 2021 மார்ச்சு 7ஆம் நாள் வெளிவந்ததும், அது கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டானதும் நாம் அறிந்தவை. தீ என்பார் உடன் பாடினார்; சந்தோஷ் நாராயணன் இசை அமைத்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் மீண்ட தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வே அப்பாட்டுக்கு வேர் என்று அறிவு கூறினார். அவ்வாண்டு ஆகஸ்டில் "ரோலிங் ஸ்டோன் இந்தியா" இதழின் அட்டையில் அறிவின் உருவம் இல்லாதது கண்டு பலர் வினா எழுப்பினர். பின்னர் அவரும் அதன் மின்னட்டையில் இடம்பெற்றார். மறு ஆண்டு, 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு மாமல்லபுரத்தில் நடைபெற்றது. அதன் தொடக்க விழா 2022 ஜூலை 28ஆம் நாள் சென்னையில் நிகழ்ந்தபோது, அறிவு இல்லாமலே அப்பாட்டுப் பாடப்பட்டது. அதன்பின் எழுந்த சொற்போரில், ஆக்கத்தில் எவர் பங்கு எவ்வளவு என்பதைச் சேர்ந்து உழைத்தோரே வெவ்வேறு வகையாகக் கூறினர். தீர்ப்புச் சொல்ல நான் முற்படேன். அதற்கு எனக்குத் தகுதியும் இல்லை. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அதுகாறும் அப்பாட்டினால் தமக்கு ஒரு ரூபாயும் வந்திலது என்று வெளிப்படக் கூறினார். இவ்வளவு புகழ்பெற்ற பாட்டில், பெயர் பெற்ற கலைஞர்க்கே பெயராலும் பொருளாலும் இத்துணை மனவருத்தம் நேருமாயின், கொளவாய் ஏரிக்கு அப்பாலுள்ள ஒரு மூதாட்டிக்கு எவர் வழக்காடுவர்?

ஆயினும், இவ்வரலாற்றில் எனக்கு ஆறுதல் தருவது ஒன்று உண்டு. அறிவு பின்னர்த் தம் குழுவினரோடு 2024இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்புக்கு "வள்ளியம்மா பேராண்டி" என்று பெயரிட்டார். பாட்டைத் தந்தவர் பெயர் அட்டையின் அடியில் அன்று, அதன் நெற்றியிலேயே நின்றது. முதற்றொகுப்பு வெளியிடும் எவரும் இதனை ஒரு முறை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஒலிம்பியாடு நடந்த இடம் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரி. அவ்வூரைப் பற்றி ஒன்று சொல்லி மேலே செல்லுகின்றேன். மாமல்லபுரத்துத் தருமராச இரதத்திற் பல்லவ வேந்தனின் விருதுப் பெயர்கள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லைச் செதுக்கியவர் பெயர்களோ அக்கோயில்களிற் காணக் கிடைத்தில. கடலை விட்டு மேற்கே சிறிது தொலைவிலுள்ள பூஞ்சேரியில், ஒரு பாறைமீது சில பெயர்கள் பழைய எழுத்திற் காணப்படுகின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்பன அவற்றுட் சில. இவர்கள் மாமல்லபுரத்துப் பணியில் உழைத்த தச்சரும் கொல்லரும் ஆவர் என அறிஞர் கருதுவர். கடற்கரைக் கோயிலைக் காண நாள்தோறும் மக்கள் திரள்கின்றனர்; பூஞ்சேரிப் பாறையைக் காணச் செல்வோர் மிகச் சிலரே. ஆயினும் அப்பெயர்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அங்கே இருக்கின்றன. எவரோ ஒருவர் அவற்றைப் பொறித்து வைத்தமையால் இருக்கின்றன. நம் தொகுப்பின் அட்டையும் அத்தகைய ஒரு பாறையே. பொறிப்பதா, வெறிதாக விடுவதா என்பது நம் கையில் உள்ளது.

இன்னும் ஒரு பாட்டைக் குறித்துச் சொல்லல் வேண்டும். ஐந்தனுள் ஒன்று இருளர் பாட்டு. மாசி மகத்தன்று இருளர் பல ஊர்களினின்றும் மாமல்லபுரக் கடற்கரையிற் கூடித் துணியால் தடுப்பமைத்துத் தங்கிக் கன்னியம்மனை வழிபடுவர். மணவினைகளும் அங்கே நடத்துவர். அக்கூட்டத்திற் கேட்ட ஒரு பாட்டை என் நண்பர் கைப்பேசியிற் பதிந்து வந்தார். இதனைப் பாடியவர் ஒருவர் அல்லர். இது பொழுதுபோக்குப் பாட்டும் அன்று. இங்கே தனி ஒருவர் பெயரைத் தேடுவதினும், அம்மக்களின் மூத்தோரிடம் சென்று, "இதனை நாங்கள் மேடையிற் பாடலாமா?" என்று கேட்பதே முறை. பாடலாம் எனின் இருளர் பெயரையும் ஊர்ப் பெயரையும் எழுதுவோம். பாடற்க எனின் விட்டுவிடுவோம். நான்கு பாட்டோடு வெளிவந்தாலும் முதற்றொகுப்பு முதற்றொகுப்பே.

இவற்றை எல்லாம் நண்பரிடம் கூறினேன். இருவர் உடன்பட்டனர். மற்றிருவர், "பெயரை எழுதுவோம், பொருட்பங்கு மட்டும் வேண்டா. இணையத்தில் வருவது தேநீர்ச் செலவுக்கும் போதாது. ஒன்றுமில்லாததைப் பங்கிடுவது ஏளனமாகும்" என்கின்றனர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும் பங்கு என்பது தொகையைப் பொறுத்ததன்று. வருவது பத்து ரூபாயாயினும், இதில் உமக்கு இத்தனை என்று முன்னரே எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தால், அவர் நமக்கு உதவி செய்தவர் என்னும் நிலை நீங்கி, நம்மோடு உழைத்தவர் ஆகின்றார். பிற்காலத்தில் அப்பாட்டு நன்றாய் விலைபோகுமாயின், அன்று புதிதாய் வாதிட வேண்டாவாம். மேடையிற் பாடிப் பெறும் தொகைக்கும் இவ்வெழுத்தே வழிகாட்டும். ஒன்றும் வாராத காலத்திற் பங்கை எழுதுவது எளிது. வந்த பின் எழுதுவது அரிது. லிண்டாவின் மக்கள் இதனை அறிவர்.

நண்பர் ஒருவர், "உன் பெயரை ஏன் நீக்கச் சொல்லுகிறாய்? நீயும் உழைத்தாயே" என்று கேட்டார். நீக்க வேண்டா, இடம் மாறினாற் போதும். கேட்டு எழுதினவன் பெயர் பாடித் தந்தவர் பெயருக்குக் கீழே வரட்டும்.

சென்ற வாரம் நான் மட்டும் அம்மூதாட்டியாரைக் காணச் சென்றேன். அவர் ஆயாவின் பெயரைக் கேட்டேன். உடனே சொன்னார், அவ்வாயாவுக்குப் பாட்டைக் கற்பித்தவர் வேறு ஊரிலிருந்து மணம் புரிந்து வந்தவர் என்று அவர் பெயரையும் நினைந்து சொன்னார். மூன்று பெயர்கள் என் குறிப்பேட்டில் உள. அவற்றை இச்சஞ்சிகையில் எழுதினேனல்லேன். பாட்டோடு வருவதற்கு அவர் இசைந்தாரேயன்றி, என் கட்டுரைக்கு இசைந்தாரல்லர். அட்டையின் எழுத்து இன்னும் முடிவாகவில்லை. என் நண்பர் நால்வரும் இதனைப் படிப்பார்கள் என்றே எழுதுகின்றேன். மூன்று வரிக்கு அங்கே இடம் உண்டு, அளந்து பார்த்துவிட்டேன்.